பக்கத்துக்கும் தாளுக்கும் நடுவே



கணினியும் அச்சும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்படி இந்த உரையை ஏற்பாடு செய்த அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றுக்குத் தமிழில் பேச்சாளர்கள் நிறையவே உண்டு. ஆகவே, மேடை ஏறும் வழக்கமில்லாத ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். அது அச்சுப்பொறி இயக்கி, அதாவது நாம் அன்றாடம் 'பிரிண்டர் டிரைவர்' என்று சொல்லும் நிரல். அதிலும் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள் அமைத்த பக்கங்களைத் தாளில் ஏற்றிக் கொடுத்த கட்டற்ற இயக்கிகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் ஆவணத்தின் ஆயுள், அதை எழுதப் பயன்பட்ட மென்பொருளோடு முடிந்துவிடுவதில்லை. அதைத் தாளுக்குக் கொண்டுபோகும் கடைசி நிரல் யார் கையில் இருக்கிறது என்பதும் அந்த ஆயுளைத் தீர்மானிக்கிறது.

1. ஒரு நூலின் இரண்டாம் பதிப்பு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டொனால்ட் குனூத், கணினி நிரலாக்கக் கலை பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியை 1968இல் வெளியிட்டார். அது ஈய எழுத்தில், மோனோடைப் பொறியில் கோத்த நூல். 1977இல் இரண்டாம் தொகுதியின் இரண்டாம் பதிப்புக்காக மெய்ப்புகள் வந்தன. அதற்குள் அச்சகங்கள் ஈயத்தை விட்டு ஒளியச்சுக்கு மாறியிருந்தன. புதிய முறையில் வந்த கணிதப் பக்கங்களின் தோற்றம் குனூத்துக்குப் பிடிக்கவே இல்லை. அதே சமயத்தில், எழுத்தைப் புள்ளிகளாகப் பிரித்து எண்முறையில் அச்சிடும் பொறிகள் வந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டது. பக்கம் என்பது கடைசியில் சுழியும் ஒன்றும்தான் என்றால், அது கணினிக்காரன் செய்யக்கூடிய வேலை என்று முடிவுகட்டினார். ஓராண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்துத் தொடங்கிய டெக்கும், எழுத்துரு வரையும் மெட்டாஃபாண்டும் ஏறத்தாழப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டன.

அவருடைய ஆய்வகத்தில் அப்போது இருந்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்ஜிபி என்னும் அச்சுப்பொறி. ஓர் அங்குலத்தில் சுமார் 200 புள்ளிகள்தான் வைக்கும். மெய்ப்புப் பார்க்க அது போதும், நூலாக வெளியிடப் போதாது. நூலுக்காக ஆல்ஃபாடைப் என்னும் ஒளியச்சுப் பொறி வந்தது. அது அங்குலத்துக்கு 5,333 புள்ளிகள் வைக்கக்கூடியது. இந்த இரண்டு பொறிகளிலும் ஒரே நூல், ஒரே வரிப்பிளவு, ஒரே பக்கப்பிளவோடு வரவேண்டும். மெய்ப்பில் ஒரு வரி 'ஆகும்' என்று முடிந்தால் நூலிலும் அதே இடத்தில் முடியவேண்டும். இல்லாவிட்டால் மெய்ப்புப் பார்த்ததற்கே பொருளில்லை.

2. நடுவில் ஒரு கோப்பு

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடைதான் டிவிஐ என்னும் கோப்பு வடிவம். 'எந்தப் பொறியையும் சாராதது' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. குனூத்தோடு பணியாற்றிய டேவிட் ஃபியூக்ஸ் 1979இல் அதை வடிவமைத்தார்.

பழைய அச்சகத்தில் கம்பாசிட்டரின் வேலை வேறு, மெஷின்மேனின் வேலை வேறு. கோத்து முடித்து இறுக்கிய ஃபாரம் கை மாறியதும் கம்பாசிட்டர் ஒதுங்கிக்கொள்வார். மை, அழுத்தம், தாள் எல்லாம் மெஷின்மேன் பாடு. டிவிஐ கோப்பு அந்த ஃபாரத்தைப் போன்றது. ஒரே ஒரு வேறுபாடு, இதில் எழுத்து இருக்காது. எழுத்தின் எண் மட்டும் இருக்கும்.

அந்தக் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் கட்டளைகள் மிக எளியவை என்பது தெரியும். 'இந்த எழுத்துருவுக்கு மாறு', 'இத்தனை தொலைவு வலப்புறம் போ', 'இத்தனை தொலைவு கீழே இறங்கு', '65ஆம் எண் எழுத்தை இங்கே வை', 'இந்த நீள அகலத்தில் ஒரு கோடு போடு', 'நிற்கும் இடத்தை நினைவில் வை', 'நினைவில் வைத்த இடத்துக்குத் திரும்பு' என்பவைதாம் அவை. பெரும்பாலான எழுத்துகளுக்கு ஒரு பைட் போதும். முழுப் பக்கமே சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கிவிடும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அதற்கு முந்தைய பக்கம் கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு உண்டு. அதனால் இயக்கி கோப்பைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்கி, பக்கங்களைத் தலைகீழ் வரிசையிலும் எளிதாக அச்சிடலாம். அச்சிட்ட தாளை முகம் மேலே தெரியும்படி அடுக்கும் பொறிகளுக்கு இது பெரிய வசதி.

அளவுகளின் நுணுக்கத்தையும் சொல்லவேண்டும். ஓர் அங்குலம் 72.27 பாயிண்ட் என்றும், ஒரு பாயிண்ட் 65,536 கூறுகள் என்றும் டெக் கணக்கிடுகிறது. அந்தக் கூறு ஒன்று நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். இத்தனை நுணுக்கம் எதற்கு? எந்தக் காலத்தில் எவ்வளவு கூர்மையான பொறி வந்தாலும், பக்கத்தை அமைத்த கணக்கு அதற்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது என்பதற்குத்தான். கூட்டல் கழித்தல் முழுவதும் முழு எண்களில் நடப்பதால், எந்தக் கணினியில் ஓட்டினாலும் விடை மாறாது.

பக்கம் அமைப்பதில் பொறிக்கு எந்தப் பேச்சும் இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். பொறிக்கு உரிய அறிவு முழுவதும் இயக்கியிடம் போய்விடுகிறது. அந்த இயக்கியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஏனெனில் டிவிஐயின் இலக்கணம் முழுவதும் வெளிப்படையாக அச்சிடப்பட்டிருந்தது. குனூத் டிவிஐடைப் என்று ஒரு மாதிரி நிரலையும் எழுதி வெளியிட்டார். அது எதையும் அச்சிடாது. கோப்பிலுள்ள ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்கிறது என்று சொற்களில் எழுதிக் காட்டும், அவ்வளவுதான். இயக்கி எழுதப் புகுந்த ஒவ்வொருவருக்கும் அதுதான் பாடப்புத்தகமாக இருந்தது.

3. அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி

வெறும் மொழிபெயர்ப்பு வேலைதானே என்று இயக்கியைக் குறைவாக எடைபோடத் தோன்றும். அந்த எண்ணத்தை மாற்ற இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, புள்ளியாக்கும் வேலை. ஓர் எழுத்தின் அகலம் பக்கக் கணக்கில் 20.4 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். பொறியால் பாதிப் புள்ளி வைக்க முடியாது, 20தான் வைக்கும். பத்து எழுத்து சேர்ந்தால் நான்கு புள்ளி இடறிவிடும். அதற்காக ஒவ்வோர் எழுத்தையும் அதன் துல்லியமான இடத்துக்கு முழுமையாக்கி வைத்தால், ஒரே சொல் ஒரு வரியில் நெருக்கமாகவும் மறு வரியில் தளர்ந்தும் தெரியும். டிவிஐடைப் ஒரு நடுவழியைக் காட்டியது. ஒரு சொல்லுக்குள்ளே எழுத்துகள் முழுப்புள்ளி அகலத்திலேயே நகரட்டும், சொல் இடைவெளி வந்ததும் உண்மையான இடத்துக்கு வந்து சேரட்டும், எந்த நிலையிலும் விலகல் இரண்டு புள்ளிகளைத் தாண்டவேண்டாம் என்பது அந்த வழி. கோடுகளுக்கு வேறு விதி. அவற்றின் கனத்தை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கவேண்டும். இல்லையென்றால் பின்னத்தின் நடுக்கோடு காணாமல் போய்விடும். படிப்பவர் கண்ணுக்கு இவற்றில் எதுவும் தெரியாது. பிழை நேர்ந்தால் மட்டும் உடனே தெரியும்.

இரண்டாவது, மை. 300 புள்ளிப் பொறிகள் எல்லாம் ஒன்றுபோல அச்சிடுவதில்லை. கருப்பு வரவேண்டிய இடத்தில் லேசர் ஒளி படும் பொறிகள் ஒரு வகை, வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ஒளி படும் பொறிகள் இன்னொரு வகை. ஒரே எழுத்து ஒன்றில் தடித்தும் மற்றொன்றில் மெலிந்தும் வரும். அதனால் மெட்டாஃபாண்ட் எழுத்துகளை வரையும்போதே பொறியின் இயல்புக்கேற்ப எவ்வளவு கருமை கூட்டவேண்டும் என்று சொல்ல வழி வைத்திருந்தார்கள். பல நாட்டுப் பயனர்கள் தத்தம் பொறியில் சோதித்துக் கண்ட அளவுகளை அனுப்பினார்கள். கார்ல் பெர்ரி என்பவர் அவற்றை ஒரே கோப்பில் தொகுத்துப் பேணினார். பொறி செய்த நிறுவனங்கள் எழுதித் தராத அறிவு அது. பயன்படுத்தியவர்கள் கூடிச் சேர்த்த அறிவு.

4. வீட்டுப் பொறி முதல் லேசர் வரை

1980களில் இயக்கிகள் பெருகின. யூட்டா பல்கலைக்கழகத்தின் நெல்சன் பீபி, ஒரே அடித்தளத்தின் மேல் பல பொறிகளுக்கான இயக்கிக் குடும்பம் ஒன்றை சி மொழியில் எழுதிப் பொதுவில் வைத்தார். ஜெர்மனியின் எபர்ஹார்ட் மாட்டெஸ் உருவாக்கிய எம்டெக், டாஸ் கணினிகளில் டாட் மேட்ரிக்ஸ் என்னும் ஊசிப் புள்ளி அச்சுப்பொறிக்கும் ஹெச்பி லேசருக்கும் இயக்கி கொடுத்தது. டாட் மேட்ரிக்ஸ் பொறி கரகரவென்று போய் வந்து கணிதச் சமன்பாட்டைத் துப்பிய காலத்தை இந்த அவையில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இவற்றுள் நிலைத்து நின்றது டிவிப்ஸ். தாமஸ் ரொகிக்கி எழுதியது. புள்ளி எழுத்துருக்களைச் சுருக்கி வைக்கும் பிகே என்னும் வடிவத்தை 1985இல் அமைத்தவரும் அவரே. 

டிவிப்ஸின் வேலை, டிவிஐ கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிக்கு மாற்றுவது. அடோபி நிறுவனம் உருவாக்கிய அந்தப் பக்க மொழியோடு 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் வந்தது. விலை 6,995 டாலர், நினைவகம் ஒன்றரை மெகாபைட். ஏ4 தாள் ஒன்றை 300 புள்ளியில் நிரப்பினால் எண்பத்தேழு லட்சம் புள்ளி, அதாவது சுமார் ஒரு மெகாபைட். மிஞ்சும் இடத்தில்தான் எழுத்துருக்கள், நிரல், மற்ற எல்லாமே அடங்கவேண்டும். கணித நூலிலோ எழுத்துருக்கள் டஜன் கணக்கில் வரும். ஆவணத்தில் உண்மையாகவே வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கி அனுப்புவது, பொறியின் நினைவகம் கொள்ளாது என்று தெரிந்தால் ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரித்து அனுப்புவது, தேவையான அளவில் எழுத்துரு இல்லையென்றால் மெட்டாஃபாண்டை அப்போதே ஓட்டி வரவழைப்பது ஆகிய மூன்றையும் டிவிப்ஸ் கேட்காமலே செய்தது. பணக்காரப் பொறிக்கு எழுதிய இயக்கிதான், ஆனால் சிக்கனமாக நடந்துகொண்டது. மூல நிரல் திறந்தே இருந்ததால், பிறர் அதைத் தங்கள் கணினிக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள்.

5. பூட்டிய நிரல்

இதற்கு நேர்மாறான கதை ஒன்று அதே ஆண்டுகளில், அமெரிக்காவின் மறு கரையில் நடந்தது. எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திலும் ஓர் எக்ஸ்ஜிபி பொறி இருந்தது. அதன் நிரல் கையில் இருந்ததால், ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் சில வசதிகளைச் சேர்த்திருந்தார். தாள் சிக்கிக்கொண்டால் அச்சுக்குக் காத்திருப்போர் திரையில் செய்தி வரும். யாராவது எழுந்துபோய்ச் சரிசெய்வார்கள். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஆய்வகத்துக்குப் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தது. பொறி வேகமானது, ஆனால் மூல நிரல் தரப்படவில்லை. தாள் சிக்கினால் யாருக்கும் தெரியாது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த நிரல் இருப்பதாக அறிந்து ஸ்டால்மன் கேட்கப் போனார். வெளியிடமாட்டேன் என்று கையெழுத்திட்டுவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனூ என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும்போது அவர் இந்த அச்சுப்பொறியைப் பலமுறை குறிப்பிட்டிருக்கிறார்.

ஒரே காலம், ஒரே வகைப் பொறி, ஒரே துறை. ஸ்டான்ஃபோர்டில் நடுக்கோப்பும் அதன் இலக்கணமும் எல்லாருக்கும் பொதுவானதால் இயக்கிகள் பெருகின. எம்ஐடியில் இயக்கி பூட்டப்பட்டதால், திறமைக்குக் குறைவில்லாத ஓர் ஆய்வகமே கைகட்டி நின்றது. அங்கே கைக்குக் கிட்டாமல் போனது இயக்கி ஒன்றுதான். அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

6. கோஸ்ட்ஸ்கிரிப்ட்டும் காசுக் கணக்கும்

போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரிந்த பொறிகளுக்கு அப்போது விலை அதிகம். தெரியாத பொறி வைத்திருப்பவருக்கு டிவிப்ஸால் என்ன பயன்? அந்த இடைவெளியை 1988இல் எல். பீட்டர் டாய்ச் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் அடைத்தது. பொறிக்குள் நடக்கவேண்டிய போஸ்ட்ஸ்கிரிப்ட் வேலையைக் கணினியிலேயே செய்து, வந்த புள்ளிகளைச் சாதாரணப் பொறிக்கு அனுப்பும் நிரல் அது. டிவிப்ஸ் ஒரு கை, கோஸ்ட்ஸ்கிரிப்ட் மறு கை என்று ஆனபிறகு, மலிவான மைத்தெளிப்புப் பொறியிலும் கணித ஆய்வேடு அழகாக வந்தது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் பல ஆண்டுகள் அச்சு என்றாலே பெரும்பாலும் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டின் வழியாகத்தான்.

இங்கே ஒரு கேள்வியை ஒளிக்காமல் எழுப்பவேண்டும். இலவசமாகக் கொடுப்பவர் எதைக்கொண்டு பிழைப்பார்? டாய்ச் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை முதலில் குனூ பொது உரிமத்தில் வெளியிட்டார். பின்னர் புதிய பதிப்புகளுக்கு வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வேறு உரிமம் வைத்து, பழைய பதிப்புகளை மட்டும் குனூ உரிமத்தில் விட்டார். தம் பொறிக்குள் இதைப் பதிக்க விரும்பிய நிறுவனங்கள் பணம் கட்டி உரிமம் பெற்றன. 2006இல் புதிய பதிப்பே குனூ உரிமத்துக்குத் திரும்பியது. கட்டற்ற மென்பொருள் என்றால் காசில்லாத மென்பொருள் என்று நினைப்போருக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு பாடம். படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை இருந்தால் அது கட்டற்றது. அந்த உரிமையைக் காக்கும் செலவை யாராவது ஏற்றுத்தான் ஆகவேண்டும்.

7. தமிழுக்கு இதில் என்ன?

இயக்கிக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. டிவிஐ கோப்பில் இருப்பது எழுத்துருவின் பெயரும் எண்ணும் மட்டுமே. அந்த எண்ணில் ரோமன் எழுத்து இருக்கிறதா, 'ழ' இருக்கிறதா என்று இயக்கி பார்ப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்டில் தமிழ் எழுத்துரு ஒன்றை வரைந்தார். ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் தட்டச்சிட்டு, ஒரு முன்செயல் நிரலில் ஓட்டி, டெக்கிடம் கொடுத்தால் தமிழ்ப் பக்கம் வரும். ஆங்கிலத்துக்கென்று எழுதிய எல்லா இயக்கிகளும் அன்றே, ஒரு வரிகூட மாற்றாமல், தமிழ் அச்சிட்டன. நம் ஊரில் அதே காலத்தில் தமிழ் மென்பொருள்கள் ஆளுக்கொரு குறியேற்றமும் எழுத்துருவும் வைத்திருந்ததை நினைத்துப் பார்த்தால், பொதுவான நடுவடிவத்தின் அருமை புரியும்.

பழைய டிவிஐ எழுத்துருவுக்கு 256 இடங்களே வழக்கம். யூனிகோடு எழுத்துருவுக்கு அது போதாது. 2004இல் ஜோனத்தன் கியூ வெளியிட்ட ஸீடெக், டிவிஐயையே விரித்து எக்ஸ்டிவி என்று ஆக்கிக்கொண்டது. அதைப் பிடிஎஃப் ஆக்கும் இயக்கி, மார்க் விக்ஸ் தொடங்கி, கொரிய, ஜப்பானிய ஆர்வலர்கள் விரித்த டிவிபிடிஎஃப்எம்எக்ஸ் மரபில் வந்தது. இன்று ஸீடெக்கில் யூனிகோடு தமிழ் ஆய்வேடு அமைக்கும் மாணவர், தாம் அறியாமலே 1979ஆம் ஆண்டு வடிவமைப்பின் வாரிசைத்தான் ஓட்டுகிறார். சென்னையிலும் புதுச்சேரியிலும் மேலைநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் நிறுவனங்களில், டெக் பலருக்குப் பிழைப்பு. உலக டெக் பயனர் குழு 2002இல் தன் ஆண்டு மாநாட்டை நம் அண்டை நகரான திருவனந்தபுரத்தில் நடத்தியதும் இந்தப் பின்னணியில்தான்.

8. இயக்கி மறைகிறதா?

இன்றைய மாணவர்கள் இயக்கி நிறுவுவதையே பார்த்திருக்கமாட்டார்கள். 1999இல் வெளிவந்த கப்ஸ் அச்சு அமைப்பு லினக்ஸிலும், பிறகு ஆப்பிள் கணினிகளிலும் நிலைபெற்றது. 2010இல் ஆப்பிளின் ஏர்பிரிண்ட்டும், 2013இல் ஐபிபி எவ்ரிவேர் என்னும் பொதுத் தரமும் வந்தன. பொதுவான பக்க வடிவத்தைப் பொறியே நேரடியாக ஏற்றுக்கொள்ளும். கைபேசியிலிருந்து அச்சிடும்போது நாம் எந்த இயக்கியையும் தேடுவதில்லை.

இதை இயக்கியின் முடிவு என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை டிவிஐ கொள்கையின் வெற்றி என்பேன். நடுவில் இருந்த பொதுவடிவம் பொறியின் வாசலுக்கே நகர்ந்திருக்கிறது. ஆனால் இடையில் நடந்ததையும் மறக்கக்கூடாது. 1990களில், மூளை இல்லாத மலிவுப் பொறிகள் சந்தைக்கு வந்தன. எல்லா வேலையையும் விண்டோஸ் கணினியே செய்யவேண்டும், அதற்கான மொழி இரகசியம். அவற்றுக்குக் கட்டற்ற இயக்கி எழுத, அனுப்பப்படும் பைட்டுகளை ஒவ்வொன்றாக உற்றுப்பார்த்து ஊகிக்கவேண்டியிருந்தது. நிறுவனம் இயக்கியைக் கைவிட்ட நாளில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறிகள் பழைய இரும்பாயின.

இதிலிருந்து இந்தப் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, ஆய்வேடுகளைப் பிடிஎஃப் ஆக மட்டும் வாங்கி வைக்காமல், மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்து வாங்குங்கள். இதற்குச் சான்று உண்டு. 1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் ஆய்வுரைக் களஞ்சியம், டெக்கில் எழுதியவர்களிடம் மூலத்தையே கேட்டு வாங்கியது. குனூத் மெட்டாஃபாண்டில் வரைந்த கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்கள் 1997இல் கோட்டு வடிவில் இலவசமாகக் கிடைத்தபோது, 300 புள்ளிக்கென்று எழுதப்பட்ட பழைய கட்டுரைகளையும் புதிய எழுத்தில் கூர்மையாக வார்க்க முடிந்தது. புள்ளிகளாக மட்டும் சேமித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டு, அச்சுப்பொறி வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, பொதுத் தரமான பக்க மொழியை ஏற்காத பொறி வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்கு எந்தக் கூடுதல் செலவும் இல்லை. ஆயிரம் பொறி வாங்குபவர் கேட்டால், விற்பவர் செவிசாய்ப்பார்.

மூன்று, கணினித் துறை மாணவர்களுக்கு டிவிஐ கோப்பைப் படித்துத் திரையில் தமிழ்ப் பக்கம் காட்டும் சிறு நிரல் ஒன்றை ஒரு பருவத்தின் செயல்திட்டமாகக் கொடுங்கள். இலக்கணம் முழுவதும் அச்சில் இருக்கிறது, மாதிரி நிரலும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் நிற்கும் ஒரு வடிவத்தைக் கையால் பிரித்துப் பார்த்த மாணவர், நாளை தாம் வடிவமைக்கும் எதையும் பூட்டி வைக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை ஊட்டுவதும் பல்கலைக்கழகத்தின் வேலைதான்.